அடுத்த வருஷமும் ஆட வேண்டுமே!

2018 மே மாதம், ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். பெண்கள் ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஹங்கேரியின் ஜியோர் அணி, மறுபக்கம் மாசிடோனியாவின் (இன்றைய வட மாசிடோனியா) வர்தார் அணி. அறுபது நிமிஷ ஆட்டம் சமனில் முடிந்து, கூடுதல் நேரத்துக்குப் போய், கடைசியில் 27-26 என்று ஒரே ஒரு கோலில் ஜியோர் ஜெயித்தது. அதற்கு முந்தைய வருஷமும் இதே கதைதான். இதே இரண்டு அணிகள், இதே இறுதிப் போட்டி, கூடுதல் நேரம், ஒரே ஒரு கோல் வித்தியாசம். அப்போது ஸ்கோர் 31-30.

சரி, மூன்றாவது வருஷமும் இவர்கள்தான் மோதுவார்கள் என்று யாருக்கும் தோன்றும். மோதவில்லை. மோத வர்தார் பெண்கள் அணியே இல்லை! அந்தக் கோடையோடு அணி கலைக்கப்பட்டுவிட்டது. அந்த அணிக்குச் செலவு செய்துகொண்டிருந்தவர் செர்கே சாம்சோனென்கோ என்ற ரஷ்யத் தொழிலதிபர். அவர் பணத்தை நிறுத்தினார், அணியும் நின்றுபோனது. ஐரோப்பாவிலேயே இரண்டாவது இடத்தில் இருந்த அணி, அடுத்த சீசன் தொடங்கும்போது ஆளே இல்லை.

ஜெயித்த ஜியோரோ இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. 2013, 2014, 2017, 2018, 2019, 2024, 2025 என்று ஏழு முறை சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிவிட்டது. ஏழு கோப்பை பெரிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்களே, அது அதைவிடப் பெரிய விஷயம். எப்படி?

முதலில் ஆட்டம்

ஹேண்ட்பாலைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. கால்பந்தைக் கையால் ஆடினால் எப்படியிருக்கும், அதுதான். உள்ளரங்கில் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் களம். கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு 7 பேர். அரை மணி நேரம் வீதம் இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் சும்மா பிடித்து வைத்திருக்கவும் கூடாது. கோலைச் சுற்றி 6 மீட்டர் கோடு இருக்கும். அதற்குள் கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். அதனால் மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி, உள்ளே பாய்ந்து, காலைத் தரையில் வைப்பதற்குள் காற்றிலேயே பந்தை எறிய வேண்டும்.

ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணியும் இருபது முப்பது கோல் போடும். அவ்வளவு கோலுக்கு நடுவே ஒரே ஒரு கோலில் கோப்பை கை மாறுகிறது என்றால் இரண்டு அணிகளும் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊரும் ஃபேக்டரியும்

ஜியோர் பெரிய நகரம் இல்லை. மக்கள்தொகை சுமார் 1.3 லட்சம். வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் ஏறக்குறைய நடுவில், மூன்று ஆறுகள் கூடுகிற இடத்தில் இருக்கிறது. அழகான பழைய ஊர். ஆனால் ஹங்கேரிக்காரர்களிடம் கேட்டால் தொழிற்சாலை ஊர் என்றுதான் சொல்வார்கள். 1896-லேயே அங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்துவிட்டது. அந்தத் தொழிலாளர்கள் வட்டாரத்திலிருந்து 1904-இல் பிறந்ததுதான் 'எடோ' என்கிற விளையாட்டுக் கழகம். முதலில் கால்பந்து. பெண்கள் ஹேண்ட்பால் பிரிவு வந்தது 1948-இல்.

1957-இலும் 1959-இலும் அந்தப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள். அடுத்த பட்டம் எப்போது? 2005-இல்! நடுவில் 46 வருஷம். 1957-இல் அணியில் ஆடியவர்களின் பேத்திகள் வளர்ந்து ஆட வந்துவிடும் காலம் அது. அத்தனை வருஷமும் அந்த ஊரில் யாரோ ஒருவர் அரங்கத்தைத் திறந்து, விளக்கைப் போட்டு, சின்னப் பெண்களுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்யூனிஸ ஆட்சி முடிந்த பிறகு விளையாட்டுக் கழகங்கள் தங்கள் சோற்றைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. தரைவிரிப்பு தயாரிக்கும் 'கிராபோபிளாஸ்ட்' என்ற உள்ளூர் கம்பெனியின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஜியோர் ஆடியது. அந்தப் பெயரோடுதான் 1999-இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை போய், டென்மார்க்கின் விபோர்க் அணியிடம் தோற்றது.

இதற்கிடையில் 1993-இல் ஜெர்மனியின் ஆடி கார் கம்பெனி ஜியோரில் கால் வைத்தது. அங்கே கட்டிய ஆலை, உலகத்தின் மிகப் பெரிய இன்ஜின் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இன்ஜின்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். 2005-இல் கழகத்தின் பெயரிலேயே ஆடி ஏறியது: 'ஜியோரி ஆடி எடோ'. அதே வருஷம்தான் அந்த 46 வருஷப் பஞ்சமும் முடிந்தது.

காசு கொடுத்து வாங்கிய கோப்பையா?

போட்டி ஊர்க்காரர்கள் சொல்லும் குறை இதுதான். "நார்வேயிலிருந்து பாதி தேசிய அணியை விலைக்கு வாங்கினால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?"

குறையில் உண்மை இல்லாமல் இல்லை. கோல்கீப்பர்கள் காத்ரின் லுண்டே, காரி கிரிம்ஸ்போ, ஆட்டக்காரர்கள் ஹைடி லோக, நோரா மோர்க், ஸ்டீனே ஓஃப்டெடால் என்று நார்வேக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பிரேசிலின் எடுவார்டா அமோரிம் 2009 முதல் 2021 வரை அங்கேயே இருந்தார், 2014-இல் உலகின் சிறந்த வீராங்கனை ஆனார். பயிற்சியாளர் அம்ப்ரோஸ் மார்ட்டின் ஸ்பெயின்காரர். ஏழு கோப்பைகளில் முதல் நான்கு அவர் காலத்தில் வந்தவை.

ஆனால் இதே ஆடியின் பணம் 2009-இலும் இருந்தது. அந்த வருஷ இறுதிப் போட்டியில் விபோர்க்கிடம் தோல்வி. 2012 இறுதிப் போட்டியில் இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் மாண்டினீக்ரோவின் புடுச்னோஸ்ட் அணியோடு 54-54. எதிரணி மைதானத்தில் அடித்த கோல் எண்ணிக்கை குறைவு என்பதால் கோப்பை போயிற்று. 2016 இறுதிப் போட்டியில் புக்கரெஸ்ட் அணியிடம் 7 மீட்டர் எறிதலில் தோல்வி. அதற்குப் பிறகு 2017, 2018, 2019 மூன்று வருஷமும் கோப்பை. மூன்றுமே ஒரே ஒரு கோலில் (2019-இல் ரஷ்யாவின் ரோஸ்தோவ்-டான் அணியோடு 25-24). பணம் அணியைக் கடைசி நிமிஷம் வரை கொண்டுபோய் நிறுத்தும். அந்தக் கடைசி எறிதலை எறிய வேண்டியது ஆட்டக்காரர்தான்.

அப்புறம் அனிதா கோர்பிட்ஸ். பக்கத்து ஊரான வெஸ்ப்ரேமில் 1983-இல் பிறந்தவர். பதின்ம வயதில் ஜியோருக்கு வந்தார். 2005-இல் உலகின் சிறந்த வீராங்கனை விருது. அதன் பிறகு எத்தனை பெரிய கழகங்கள் கூப்பிட்டிருக்கும்! 2021-இல் ஓய்வு பெறும் வரை வேறு எந்தக் கழகத்தின் சட்டையையும் அவர் போடவில்லை. அவருடைய 13-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கழகம் ஓய்வு கொடுத்துவிட்டது. பிறகு அவரே கழகத்தின் தலைவரும் ஆனார். இதை எந்த ஸ்பான்சரும் வாங்கித் தர முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இப்போது வர்தார் ஏன் மறைந்தது என்ற கேள்விக்கு வரலாம். அதற்கு ஒரு ஹேண்ட்பால் கழகத்தின் வரவு செலவு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும்.

ஜியோரின் ஆடி அரங்கம் 2014-இல் திறக்கப்பட்டது. சுமார் 5,500 இருக்கைகள். உள்ளூர் லீக், சாம்பியன்ஸ் லீக் எல்லாம் சேர்த்துச் சொந்த ஊரில் ஒரு சீசனுக்கு 25 ஆட்டம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இருக்கைகூடக் காலி இல்லாவிட்டாலும் மொத்தம் 1,37,500 டிக்கெட். அதாவது ஊரில் உள்ள ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கினால் என்ன வருமோ, அவ்வளவுதான். இதை வைத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த பதினைந்து இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா?

டிவி உரிமையில் கால்பந்துக்கு வருவதுபோல் கோடி கோடியாக இங்கே வராது. கால்பந்துக் கழகம் நொடித்தால் ஒரு ஆட்டக்காரரை விற்றுக் கடனை அடைக்கலாம். பெண்கள் ஹேண்ட்பாலில் அப்படிப்பட்ட விலை கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆக, செலவுப் பக்கத்தில் சம்பளம்: மாதா மாதம், தப்பாமல், நிலையான செலவு. வரவுப் பக்கத்தில் ஸ்பான்சர்: அவர் மனசு இருக்கும் வரை. நிலையான செலவும் நிலையில்லாத வரவும் ஒரே பேலன்ஸ் ஷீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று முதல் வருஷ பி.காம். மாணவருக்கே தெரியும் :-)

இதனால் இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரம். ஜெயிக்க ஜெயிக்கச் செலவு கூடும். நட்சத்திரங்களுக்கு மார்க்கெட் ஏறும், சம்பளம் ஏறும். வரவு அதே வேகத்தில் ஏறாது. மேலே ஏற ஏற விழும் உயரம்தான் கூடுகிறது.

கூட ஓடியவர்கள் எங்கே?

ஜியோரோடு உச்சியில் நின்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

வர்தார்: 2018-இல் கலைப்பு. மேலே பார்த்தாயிற்று.

ருமேனியாவின் ஒல்ட்கிம்: ஒரு அரசு ரசாயன ஆலையின் அணி. 2010-இல் இறுதிப் போட்டி வரை போனது. 2013 ஜனவரியில் ஆலை திவால் நடவடிக்கைக்குள் போனது. அதே வருஷம் அணியும் கலைந்தது.

ரோஸ்தோவ்-டான்: உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததால் 2022-இல் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து ரஷ்ய அணிகள் விலக்கப்பட்டன. இதுவும் அதோடு போயிற்று.

நார்வேயின் வைப்பர்ஸ்: 2021, 2022, 2023 தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன். 2022 இறுதிப் போட்டியில் ஜியோரை 33-31 என்று வீழ்த்திய அணி. 2025 ஜனவரியில் திவால். மூன்று கோப்பை தூக்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை!

ஜெர்மனியின் பீட்டிக்ஹைம்: 2024 இறுதிப் போட்டியில் ஜியோரிடம் 24-30 என்று தோற்ற அணி. பிறகு லுட்விக்ஸ்பர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2025 ஜூலையில் அதுவும் திவால்.

காத்ரின் லுண்டே என்ற பெயர் மேலே வந்தது அல்லவா? அவருடைய வாழ்க்கையில் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது. விபோர்க்கில் இரண்டு, ஜியோரில் இரண்டு, வைப்பர்ஸில் மூன்று என்று அவரும் ஏழு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் வென்ற கோல்கீப்பர். வைப்பர்ஸ் திவாலானபோது அவருக்கு வயது 44. அத்தனை கோப்பை வென்றவர் சீசன் நடுவில் வேலை இல்லாமல் நின்றார். டென்மார்க்கின் ஒடென்ஸ அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த அணி 2025 ஜூனில் இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே யார்? அவருடைய பழைய ஜியோர். 29-27 என்று ஜியோர் ஜெயித்தது. தான் ஆடிய ஒரு கழகம் மூடிவிட்டது, இன்னொன்று கோப்பையை வாங்குகிறது. அந்த அரங்கத்தில் நின்றபோது அவருக்கு என்ன தோன்றியிருக்குமோ!

ஜியோர் மட்டும் எப்படி?

ஆடி பணக்காரக் கம்பெனி, அவ்வளவுதானே என்று முடித்துவிடலாம். ஆனால் வர்தாருக்குப் பணம் கொடுத்தவரும் பணக்காரர்தான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஹேண்ட்பாலைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் ஆடி கார் வாங்கப் போவார்கள்? விளம்பரம் என்று மட்டும் பார்த்தால் இது அவ்வளவு லாபமான வியாபாரமாகத் தெரியவில்லை. ஆனால் ஆலை அந்த ஊரில் இருக்கிறது. ஷிஃப்ட் முடித்து வரும் ஊழியரும் அவர் குடும்பமும்தான் மாலையில் அரங்கத்தில் பச்சைக் கொடி பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தை நிறுத்தினால் ஆடி தன் சொந்த ஊழியர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். தனி முதலாளிக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை.

இரண்டாவது, கால்கள் பல. ஆடி ஒரு கால், நகராட்சி ஒரு கால். மூன்றாவது கால் அரசின் வரிச் சலுகை. 2011-இல் ஹங்கேரி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி தான் கட்ட வேண்டிய நிறுமவரியில் ஒரு பகுதியை அரசுக்குக் கட்டுவதற்குப் பதில், கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து, வாட்டர் போலோ, ஐஸ் ஹாக்கி ஆகிய ஐந்து ஆட்டங்களில் ஒரு கழகத்துக்குக் கொடுக்கலாம். இளையோர் பயிற்சி, அரங்கம் போன்ற அங்கீகரித்த திட்டங்களுக்கு அந்தப் பணம் போகும். ஹங்கேரிய ஹேண்ட்பாலுக்கு இது பெரிய ஊட்டம். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய வரிப்பணம் பந்துக்குப் போகிறதே என்று அந்த நாட்டிலேயே கடுமையாக விமர்சித்தவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு ஜியோரைப் புகழ்வது நியாயம் ஆகாது.

மூன்றாவது, அந்த 46 வருஷம். ஆடி வருவதற்கு 45 வருஷம் முன்பே அங்கே பெண்கள் ஹேண்ட்பால் இருந்தது. கோப்பையே இல்லாமல் வாழத் தெரிந்த கழகம் அது. பணக்காரர் வந்து ஆரம்பித்த அணி, பணக்காரர் போனால் போய்விடும். ஊர் ஆரம்பித்த அணிக்குப் பணக்காரர் போனாலும் ஊர் மிச்சம் இருக்கும்.

டுனாஉய்வாரோஷ் என்ற பாடம்

இது கொஞ்சம் அழகாகத் தெரிகிறது இல்லையா? அப்படியானால் அதே ஹங்கேரியில் இருக்கும் டுனாஉய்வாரோஷ் என்ற ஊரையும் பார்த்துவிடுங்கள். 1950-களில் ஒரு உருக்காலைக்காகவே கட்டிய ஊர் அது. முதலில் ஸ்டாலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். உருக்காலையின் பெயரிலேயே 'டுனாஃபெர்' என்ற பெண்கள் அணி. ஜியோர் ஜெயிப்பதற்கு 14 வருஷம் முன்பே, 1999-இல், சாம்பியன்ஸ் லீக் வென்றார்கள். உலகின் சிறந்த வீராங்கனை விருதை 2000-இலும் 2003-இலும் வாங்கிய போயானா ரடுலோவிச் அங்கேதான் ஆடினார்.

2004-இல் அரசு உருக்காலையை விற்றது. அந்த வருஷம் வென்றதுதான் அந்த அணியின் கடைசி லீக் பட்டம். ஆலை தேய்ந்துகொண்டே வந்து, 2022 கடைசியில் திவாலாகிக் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. அணியோ சாகவில்லை. ஆலையின் பெயரைக் கழற்றிவிட்டு ஊர்ப் பெயரோடு ஆடியது. 2016-இல் ஒரு ஐரோப்பியக் கோப்பைகூட வென்றது. ஆனால் அந்தப் பழைய உச்சி திரும்ப வரவில்லை.

அதாவது ஒரு ஃபேக்டரி ஊரின் அணி, அந்த ஃபேக்டரியின் ஆயுளோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. ஜியோரின் ஆலை செய்வது இன்ஜின். பெட்ரோல், டீசல் இன்ஜின். உலகம் மின்சாரக் காருக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆலையும் சும்மா இல்லை, 2018 முதல் மின்மோட்டாரும் அங்கே தயாராகிறது. ஆனால் ஜெர்மனியில் ஒரு போர்டு மீட்டிங்கில் எடுக்கும் முடிவு, ஜியோரில் ஒரு பெண் 6 மீட்டர் கோட்டிலிருந்து பாய்வதைத் தீர்மானிக்கலாம் என்பது மாறவில்லை.

ஆகவே ஏழு கோப்பைகளை மட்டும் வைத்து ஜியோரை அளந்தால் கணக்கு தப்பாகும். வைப்பர்ஸிடம் மூன்று இருந்தன, காப்பாற்றவில்லை. டுனாஃபெரிடம் உலகின் சிறந்த வீராங்கனை இருந்தார், அவராலும் அந்த உச்சியைப் பிடித்து வைக்க முடியவில்லை. 1959-க்கும் 2005-க்கும் நடுவில் ஜியோரிடம் லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் அணி இருந்தது. என்றாவது ஒருநாள் ஆடி என்ற பெயர் சட்டையிலிருந்து போனாலும், அடுத்த செப்டம்பரில் அந்த ஊர் மறுபடி அரங்கத்தைத் திறந்து விளக்கைப் போடுமா? போடும் என்றால் ஜியோர் இன்னும் எத்தனை முறை தோற்றாலும் பரவாயில்லை.